காலெலும்பில் ஒரு தாடை

வாய்ப் புற்றுநோய் பற்றிப் பாடசாலைகளில் கருத்தரங்கு நடக்கும்போது காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் பயமுறுத்துவதற்கானவை. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட் என்று காரணங்களை வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஒரு சிதைந்த முகத்தைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். அந்தப் பயம் தேவையில்லை என்று சொல்ல முடியாது. இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கே. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொல்லிவிட்டது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று சொல்லும் உம்மம்மாக்களும், பாபுல் பக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் இளைஞர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் படத்தில் இருந்தவருக்குப் பிறகு என்ன நடந்தது என்று எந்தக் கருத்தரங்கும் சொல்வதில்லை. அவர் பிழைத்திருக்கலாம். சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்தவர் எதைச் சாப்பிடுகிறார், எப்படிக் கதைக்கிறார், கல்யாண வீடுகளுக்குப் போகிறாரா? இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. நம்மில் பலருடைய வீடுகளில், அல்லது அடுத்த வீட்டில், அப்படி ஒருவர் இருக்கிறார்.

முதலில் தாடை எப்படிப் போகிறது என்று பார்ப்போம். நாக்கின் ஓரத்திலோ, கன்னத்தின் உட்புறத்திலோ, முரசிலோ தோன்றும் புற்று எலும்பைத் தொட்டுவிட்டால், அதை மட்டும் சுரண்டி எடுக்க முடியாது. சுற்றிலும் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நல்ல இழையத்தையும் சேர்த்து அகற்றினால்தான் நோய் மீதமில்லை என்று ஓரளவு நம்பலாம். அதனால் கீழ்த்தாடையின் ஒரு துண்டு, அதிலிருந்த பற்களோடும், சில வேளை நாக்கின் ஒரு பகுதியோடும் போய்விடுகிறது. கீழ்த்தாடை ஒரு வளைவு. குதிரை லாடம் போன்ற அந்த வளைவின் நடுப்பகுதி போனால் நாடி உள்ளே விழுந்துவிடும். உதட்டைத் தாங்க எதுவும் இருக்காது. உமிழ்நீர் வழிந்துகொண்டே இருக்கும். பக்கவாட்டில் ஒரு துண்டு போனால் எஞ்சிய தாடை ஒருபக்கமாக இழுபட்டு, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காமல் போகும்.

போன எலும்புக்குப் பதிலாக வைப்பதற்கு இன்று உலகெங்கும் வைத்தியர்கள் அதிகம் நாடுவது காலை. உயிரியல் படிக்கும் மாணவிகளுக்குத் தெரியும்: முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடலின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் கணைக்கால் உள்ளென்பு. அதன் பக்கத்தில் மெலிந்து நீண்டிருக்கும் கணைக்கால் வெளியென்பு மிகச் சிறிதளவு பாரத்தையே தாங்குகிறது. கணுக்காலும் முழங்காலும் உறுதியாக இருக்க இரு முனைகளிலும் சில சென்ரிமீற்றரை விட்டுவிட்டு, நடுவிலுள்ள 20 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட எலும்பை எடுத்தாலும் அந்த மனிதர் மறுபடி நடப்பார். 1989இல் ஹிடால்கோ என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் இந்த எலும்பைக் கொண்டு கீழ்த்தாடையை அமைத்த முறையை வெளியிட்டார். அதன் பிறகு இதுவே முதன்மையான வழியாகிவிட்டது.

வெறும் எலும்பை எடுத்து வைத்தால் அது செத்த எலும்பு. கதிர்ச் சிகிச்சை பெறப்போகும் வாயில் அது நிலைக்காது. எனவே அந்த எலும்போடு சேர்ந்து ஓடும் நாடியையும் நாளங்களையும், மேலேயுள்ள ஒரு துண்டுத் தோலையும் சேர்த்தே எடுக்கிறார்கள். எலும்பை இரண்டு மூன்று இடங்களில் ஆப்பு வடிவில் வெட்டி, தாடையின் வளைவுக்கு ஏற்ப மடித்து, டைட்டேனியத் தகட்டில் திருகாணிகளால் பூட்டுகிறார்கள். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ், இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமேயுள்ள அந்த இரத்தக் குழாய்களைக் கழுத்திலுள்ள குழாய்களோடு முடியிலும் மெல்லிய நூலால் தைக்கிறார்கள். இரத்தம் பாயத் தொடங்கியதும் வெளுத்திருந்த தோல் இளஞ்சிவப்பாகிறது. எல்லாம் முடிய 8 மணித்தியாலமும் ஆகலாம், 12 மணித்தியாலமும் ஆகலாம். அடுத்த சில நாட்களுக்குத் தாதிமார் இரவு பகலாக வாய்க்குள் விளக்கடித்து அந்தத் தோலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். நிறம் மாறினால் குழாயில் இரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள். உடனே மறுபடி சத்திரசிகிச்சைக் கூடம்தான். 100 பேரில் 90க்கும் மேற்பட்டோருக்கு ஒட்டு பிழைத்துவிடுகிறது.

நம் நாட்டிலும் இந்தத் துறையில் திறமையானவர்கள் இருக்கிறார்கள். மகரகம அபேக்ஷா வைத்தியசாலை, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை, கொழும்பு தேசிய பல் வைத்தியசாலை என்ற பெயர்கள் நோயாளிகளின் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமானவை.

மேற்தாடையின் கதை வேறு. அங்கே எலும்பை எடுத்தால் வாய்க்கும் மூக்குக்கும் இடையில் ஒரு வழி திறந்துவிடும். குடித்த தண்ணீர் மூக்கால் வரும். அந்தத் துவாரத்தைக் கட்டுப்பல்லோடு இணைந்த ஒரு மூடியால் அடைப்பது பழைய முறை; இன்றும் பலருக்கு அதுவே போதுமானது. உளவியல் பாடத்தில் வரும் சிக்மண்ட் ஃப்ராய்ட் அப்படி ஒரு மூடியோடு வாழ்ந்தவர். சுருட்டை விடமுடியாத அவருக்கு 1923இல் மேற்தாடையில் புற்று கண்டது. ஹான்ஸ் பிக்லர் என்ற வைத்தியர் தாடையின் ஒரு பகுதியையும் அண்ணத்தையும் அகற்றி, ஒரு செயற்கை மூடியைப் பொருத்தினார். 16 வருடங்களில் 30க்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள். அந்த மூடிக்கு அவர் வைத்த பெயர் 'அரக்கன்'. வாயில் வைத்திருந்தால் வலி, கழற்றினால் பேச முடியாது. அதைக் கழற்றிப் பூட்ட மகள் அனா உதவினார். பிறர் முன்னிலையில் சாப்பிடுவதை அவர் தவிர்த்தார். 1930இல் பிராங்க்பேர்ட் நகரில் அவருக்குப் பெரிய விருதொன்று வழங்கப்பட்டபோது அனாதான் போய்ப் பெற்று, அவருடைய உரையையும் வாசித்தார். உலகத்தையே கேட்கவைத்த மனிதர், வாய் காரணமாக மேடையிலிருந்து ஒதுங்கினார். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

இப்போது பற்களுக்கு வருவோம். தாடை எலும்பு திரும்பிவிட்டது, முகம் ஓரளவு பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. பார்ப்பவர்கள் "அல்ஹம்துலில்லாஹ், இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்" என்பார்கள். அவரால் ஒரு துண்டு ரொட்டியைக் கடிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. 'கட்டுப்பல் வைத்தால் சரிதானே' என்று கேட்பார்கள். சாதாரண கட்டுப்பல் முரசின் மேட்டின்மீது, உமிழ்நீரின் ஒட்டுதலால், உதடும் நாக்கும் கொடுக்கும் தாங்கலால் நிற்பது. இவர் வாயில் முரசு மேடு இல்லை. இருப்பது காலிலிருந்து வந்த தடித்த, வழுவழுப்பான தோல். ஆண்களாயின் அதில் முடிகூட முளைக்கும். கதிர்ச் சிகிச்சையால் உமிழ்நீர் வற்றிவிட்டது. கட்டுப்பல் வழுக்கிக்கொண்டு போகும், அல்லது மெல்லிய தோலை உரசிப் புண்ணாக்கும்.

அதனால்தான் இம்ப்ளான்ட். எலும்புக்குள் திருகி வைக்கப்படும் சிறு டைட்டேனிய ஆணி அது. அதன் தலையில் பல்லையோ பல் வரிசையையோ பூட்டலாம். இதன் பிறப்பும் ஒரு காலெலும்பில்தான். 1952இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் காலெலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு டைட்டேனியக் குழலைப் பதித்தார். ஆய்வு முடிந்து அதைக் கழற்றப் பார்த்தால் கழரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிப் பிடித்திருந்தது. குழல் மீண்டும் பயன்படாமல் போயிற்றே என்று வேறு யாராவது அதைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அவரோ அதையே தன் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார். 1965இல் தாடைக் குறையோடு பிறந்த ஒருவருக்கு முதன்முதலாக அப்படிப் பற்கள் பொருத்தப்பட்டன. 2006இல் அவர் காலமாகும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேலாக, அவை நின்றன. மனிதக் காலெலும்பால் ஆன தாடையில் இன்று வைக்கும் ஆணிகளும் அதே வழியில்தான் பிடித்துக்கொள்கின்றன.

ஆனால் ஆரோக்கியமான ஒருவர் ஒரு பல்லுக்கு இம்ப்ளான்ட் வைப்பதையும் இதையும் ஒன்றாக எண்ணக்கூடாது. முதலாவது தடை உயரம். காலெலும்பின் தடிப்பு இயல்பான கீழ்த்தாடையின் உயரத்தில் ஏறத்தாழ அரைவாசிதான். பல் மிக நீளமாக அமைய வேண்டிவரும், ஆணிமீது பாரமும் கூடும். இதற்காகச் சில வேளை எலும்பை இரட்டையாக மடித்து அடுக்குவார்கள். இரண்டாவது தடை தோல். ஆணியைச் சுற்றி இறுக்கமான முரசு இருக்க வேண்டும். அசையும் தடித்த தோல் இருந்தால் அழுக்குத் தேங்கி வீங்கும். தோலை மெலிதாக்க அல்லது அண்ணத்திலிருந்து கொஞ்சம் முரசை எடுத்து ஒட்ட மேலும் ஒரு சிறு சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

மூன்றாவது தடைதான் பெரியது: கதிர்ச் சிகிச்சை. சத்திரசிகிச்சைக்குப் பின் வழமையாக ஆறு கிழமைகள், கிழமைக்கு ஐந்து நாட்கள் கொடுக்கப்படும் கதிர்கள் புற்றுக்கலங்களைக் கொல்கின்றன. கூடவே எலும்பின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கின்றன. அந்த எலும்புக்குக் காயம் ஆறும் சக்தி குறைந்துவிடுகிறது. ஒரு பல்லைப் பிடுங்கினால்கூடக் குழி ஆறாமல், எலும்பு அழுகி வெளியே தெரியத் தொடங்கலாம். இந்த ஆபத்து ஒரு வருடத்தில் நீங்கிவிடுவதில்லை. ஆயுள் முழுவதும் கூடவே இருக்கிறது. ஆகவே குடும்பத்தார் இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது. கதிர்ச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பல் வைத்தியர் வாயைப் பார்த்து, காப்பாற்ற முடியாத பற்களைக் குறைந்தது இரண்டு கிழமைகளுக்கு முன்னர் பிடுங்கிவிட வேண்டும். அதற்குப் பின், எத்தனை வருடம் கழித்து எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், கதிரையில் ஏறும் முன்னரே "எனக்குத் தாடையில் கதிர்ச் சிகிச்சை நடந்தது" என்று சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக, கதிர் பட்ட எலும்பில் வைத்த ஆணிகளும் பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றன. தோல்வி சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சில இடங்களில் தாடையை அமைக்கும்போதே ஆணியையும் வைத்துவிடுகிறார்கள். பல இடங்களில் கதிர்ச் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை, நோய் திரும்பவில்லை என்று உறுதியாகும்வரை காத்திருக்கிறார்கள். ஆணி எலும்போடு ஒன்ற மேலும் மூன்று முதல் ஆறு மாதங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், முதல் சத்திரசிகிச்சையிலிருந்து முதல் கடிவரை இரண்டு வருடங்களும் ஆகலாம். வெற்றிலையையோ சிகரெட்டையோ விடாதவருக்கும், வாய் போதியளவு திறக்காதவருக்கும், நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் வைத்தியர் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானதே.

வாய் திறப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தன் மூன்று விரல்களை அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைக்க முடிந்தால் வாய் போதிய அளவு திறக்கிறது. கதிர்ச் சிகிச்சைக்குப் பின் தசைகள் இறுகி அது இரண்டு விரலாகும், ஒன்றாகும். ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நாளுக்குப் பல தடவை வாயைத் திறந்து பழகினால் இறுக்கம் குறையும். வைத்தியசாலையில் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். வலிக்கிறது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பின்னர் இம்ப்ளான்ட் வைக்கும் கருவியே வாய்க்குள் நுழையாது.

சில பெரியவர்களுக்கு வேறொரு தயக்கம் உண்டு. அல்லாஹ் எடுத்த பல்லைத் திரும்ப வைக்கலாமா, உடலுக்குள் உலோகம் வைக்கலாமா என்பது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் சம்பவம் இங்கே நினைவுக்கு வர வேண்டும். ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் போரில் அவருடைய மூக்கு வெட்டுண்டது. வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்தார். அது துர்நாற்றம் வீசியது. பொன்னால் செய்து வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவரைப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குப் பொன் தடுக்கப்பட்டிருந்தும், இழந்த உறுப்பைச் சீர்செய்வதற்காக அது அனுமதிக்கப்பட்டது. பல்லைப் பொன்னால் கட்டுவது பற்றிப் பேசிய இமாம்கள் இந்த ஹதீஸையே எடுத்துக்காட்டினார்கள். உடலோடு ஒத்துப்போகாத உலோகத்தை விட்டு, ஒத்துப்போகும் உலோகத்தைத் தேடிய அந்தச் செய்தியைப் படிக்கும்போது எனக்கு டைட்டேனியம்தான் ஞாபகம் வருகிறது.

உண்மையாகவே கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. எலும்புக் குறையை மூடப் பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் மென்சவ்வுகளில் சில பன்றியின் கொலாஜனால் ஆனவை. எலும்புத் துகள்கள் பல மாட்டிலிருந்து வருபவை. செயற்கையாகத் தயாரிக்கப்பட்டவையும், நோயாளியின் சொந்த உடலிலிருந்தே எடுப்பவையும் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டால் வைத்தியர் மாற்றுப் பொருளைப் பார்ப்பார். வேறு வழியில்லை என்றால் ஆலிம்களிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்டுக்கொள்ளலாம். சத்திரசிகிச்சை முடிந்த பிறகு கேட்டு மனம் குழம்புவதில் பயனில்லை.

அடுத்தது பணம். அரச வைத்தியசாலையில் புற்றை அகற்றுவதற்கும் தாடையை அமைப்பதற்கும் நோயாளி கட்டணம் செலுத்துவதில்லை. ஆனால் இம்ப்ளான்ட் என்று வரும்போது ஆணிக்கும் அதன்மேல் பூட்டும் பாகங்களுக்கும் பெரும்பாலும் குடும்பமே செலவழிக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். "உயிர் தப்பியதே போதும், இந்த வயதில் பல் எதற்கு" என்று நோயாளியே சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்குச் சுமையாகக்கூடாது என்பதற்காக. அழகுக்காகப் பல் கட்டுவதோடு இதைச் சேர்த்துப் பார்ப்பது பெரிய அநியாயம் என்பேன். கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் எப்படியோ, மெல்ல முடியாதவருக்குப் பல் அப்படி. ஊர்ப் பள்ளிவாசல்களின் ஸகாத் குழுக்கள் தையல் இயந்திரமும் சுயதொழில் உதவியும் கொடுப்பதைப் பார்க்கிறோம். தேவையுள்ள ஒருவரின் தாடைக்கான செலவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று அவர்களிடம் யாராவது கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் பல் கிடைக்கும் என்று சொல்லவும் முடியாது. அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரொஜர் ஈபர்ட் 2006இல் புற்றுநோய்க்காகத் தாடையின் ஒரு பகுதியை இழந்தார். அதை மீளமைக்கச் செய்த சத்திரசிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. அதன் பின் அவர் ஒரு வாய் உண்ணவில்லை, குடிக்கவில்லை, ஒரு சொல் பேசவில்லை. குழாய் வழியே உணவு, கணினி வழியே குரல். 2010இல் தாடையற்ற தன் முகத்தை மறைக்காமல் ஒரு சஞ்சிகைக்குப் படமெடுக்கக் கொடுத்தார். 2013இல் இறக்கும்வரை விமர்சனம் எழுதினார். உணவைவிடத் தான் அதிகம் இழந்தது சாப்பாட்டு மேசையில் நடக்கும் கதையையும் சிரிப்பையும்தான் என்ற கருத்துப்பட அவர் எழுதியிருக்கிறார்.

நம் வீடுகளில் அந்த மேசை, சஹன். ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒரே உணவில் கைவைக்கும் அந்த வழக்கம் நமக்குப் பெருமை. தாடை மாற்றப்பட்டவருக்கோ அதுதான் பெரும் சோதனை. மற்றவர்கள் முடிக்கும்போது அவர் நான்கு வாய்தான் உண்டிருப்பார். அதனால் வலீமாவுக்குப் போகமாட்டார். போனாலும் "வீட்டில் சாப்பிட்டுவிட்டேன்" என்பார். அவரை வற்புறுத்திச் சஹனில் இருத்துவதும் சரியல்ல, தனி அறையில் கஞ்சி கொடுத்து ஒதுக்குவதும் சரியல்ல. சஹனுக்குப் பக்கத்திலேயே அவருக்கென்று ஒரு கோப்பை வைத்து, எல்லோருக்கும் முன்பாக அவரைத் தொடங்கவிடலாம்.

சமையலில் ஒரு சிறு கவனம் போதும். சோறு, கறி, மரக்கறி எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துச் சாம்பல் நிறக் கூழாக்கிக் கொடுத்தால் யாருக்கும் பசி வராது. தனித்தனியே மசித்து வைத்தால் அது சாப்பாடாகத் தெரியும். புட்டு உலர்ந்து தொண்டையில் நிற்கும். சொதியில் ஊறிய இடியப்பம் வழுக்கிக்கொண்டு போகும். மிளகாய்த் தூள் கதிர்பட்ட வாயில் நெருப்பு. நோன்புக் கஞ்சியை றமழானுக்கு மட்டும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. வட்டிலப்பம் மெல்லவே தேவையில்லை என்பதால் பெருநாளில் அவர் யாருக்கும் குறைந்தவரல்ல, சீனி வியாதி இல்லாவிட்டால்! நோன்பு பிடிப்பது பற்றி வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்க வேண்டும். உமிழ்நீர் வற்றிய வாய்க்கு அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் தேவை. மிஸ்வாக்கைக் கதிர்பட்ட முரசில் அழுத்தித் தேய்க்கக்கூடாது. மென்மையான தூரிகையும் புளோரைட் பற்பசையும் அவருக்குப் பாதுகாப்பு.

குர்ஆன் ஓதுவதும் மாறிவிடும். தஜ்வீத் படித்தவர்களுக்கு விளங்கும்: கீழுதட்டின் உட்புறம் மேல் முன்பற்களைத் தொட்டால்தான் 'ஃபா' வரும், நுனிநாக்கு அதே பற்களின் விளிம்பைத் தொட்டு வரும் எழுத்துகள் மூன்று உண்டு. உதடு மரத்து, நாக்கு குறுகி, பல்லும் போனால் அந்த மக்ரஜ்கள் எல்லாம் இடம் மாறிப்போகும். வருடக்கணக்காக ஜமாஅத்துக்கு இமாமாக நின்றவர்கூடப் பின்வரிசைக்குப் போய்விடுவார். பேச்சுச் சிகிச்சையாளரிடம் பயிற்சி பெற்றால் பெருமளவு தெளிவு திரும்பும். பற்கள் வந்தபின் இன்னும் கொஞ்சம் கூடும். வீட்டிலிருப்பவர்கள் செய்யவேண்டியது, அவர் சொல்ல வந்ததை ஊகித்துத் தாமே முடித்துவிடாமல் காத்திருப்பது.

இன்னொன்று. தாடையோடு உணர்வு நரம்பும் போய்விடுவதால் கீழுதட்டின் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும், தேநீர் வழிந்தாலும் அவருக்குத் தெரியாது. பேரப்பிள்ளை அதைக் கண்டு சத்தமாகச் சொன்னால் அடுத்த நாளிலிருந்து அவர் தனியே சாப்பிடப் போய்விடுவார். அதற்குப் பதிலாக வீட்டுக்குள் ஓர் அடையாளம் பேசிவைத்துக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் தன் உதட்டோரத்தை ஒரு விரலால் தொடுவார். அவர் கைலேஞ்சியை எடுத்துத் துடைத்துக்கொள்வார். கதை நிற்காமல் தொடரும்.